பேண்டு மேஜர் கோட்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிக்கிறார்கள். "மேஜர் சார் கதை தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு வாயாலேயே குழல் ஊதிக் காட்டுகிறார்கள். முடியும்போதும் சிரிப்புதான். நடுவில் யூனுஸ் அண்ணன் ஓர் அறைக்குள் இருந்தார். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் அது சிரிப்புக் கதையாகத்தான் இருக்கும். அதையும் சேர்த்து ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பூரணம் அம்மா சொன்னது, மரியம் அக்கா சொன்னது, பாலசுந்தரம் ஐயாவே சொன்னது, தெருவே பார்த்தது எல்லாம் இதில் இருக்கிறது.

பாலசுந்தரம் ஐயா ரயில்வேயில் சரக்குப் பிரிவுக் கிளார்க். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் குவார்ட்டர்ஸில் அவர் வீடு கடைசி வீடு. வெள்ளை டிரில் கோட்டு, கறுப்புக் குடை, காலில் எப்போதும் பளபளப்பான சப்பாத்து. வீட்டில் மனைவி பூரணம் அம்மா மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் லேலோங். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாருமே ஏலத்தை அப்படித்தான் சொல்வார்கள். யுத்தத்துக்கு முன்னால், ஒரு தோட்டத்துத் துரை வேலை முடிந்து சீமைக்குத் திரும்பினால் அவர் வீட்டுச் சாமான் முழுவதும் லேலோங்குக்கு வரும். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அப்படி வந்த எந்த ஏலத்தையும் பாலசுந்தரம் ஐயா விட்டதில்லை.

அவர் வீட்டு முன்னறைச் சுவரைப் பார்த்தால் போதும். ஸ்காட்லாந்துப் படைக்காரனின் கட்டம் போட்ட பாவாடை, பித்தளைப் பொத்தான்கள் வரிசையாகத் தைத்த வெல்வெட்டுத் துணி, உறையோடு ஒரு துப்பாக்கிக் கத்தி, தீக்கோழி இறகு வைத்த துரைசானித் தொப்பி, பெண்முகம் செதுக்கிய தந்த ப்ரூச். அந்த ப்ரூச்சைப் பூரணம் அம்மாவுக்கென்றுதான் வாங்கினார். அவர் ஒருநாளும் குத்திக்கொள்ளவில்லை. "ஆரோ செத்தவளின்ர நெஞ்சிலை கிடந்தது. எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

ஏன் இப்படி வாங்கிக் குவிக்கிறார் என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கும். "துரையின்ர வீட்டுக்குப் போனால் பின்வாசலிலை நிக்க வேணும். அவரின்ர கோட்டைத் தொட ஏலுமோ? லேலோங்கிலை அதே கோட்டை மேசையிலை போட்டிருப்பினம். நான் தொட்டுப் பாக்கலாம், முகர்ந்து பாக்கலாம், வேண்டாமெண்டு தள்ளியும் விடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் கந்தையா ஐயா தவறாமல் வருவார். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்த கன்னையா அண்ணன் எதிர் வரிசை வீட்டுக்காரர். தேநீருக்காகவும் வம்புக்காகவும் வருவார். ஒவ்வொரு சாமானுக்கும் பாலசுந்தரம் ஐயா ஒரு வரலாறு சொல்வார். அப்போதெல்லாம் அவர் சொன்ன வரலாறு உண்மையாகவே இருந்தது. புத்தகம் பார்த்துச் சரிபார்த்துத்தான் சொல்வார்.

ஜப்பான்காரன் வந்தான். வந்த சில வாரங்களிலேயே, பிரிட்டிஷ் ராணுவச் சாமான் எதை வைத்திருந்தாலும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஒப்படைக்கப் போனவர்களையே பிடித்து அடித்தார்கள் என்றும் பேச்சு வந்தது. ஒரு மழை நாளில், தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்து, பாலசுந்தரம் ஐயா கத்தியையும் பொத்தான்களையும் பாவாடையையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு போய்க் கிள்ளான் ஆற்றில் போட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பூரணம் அம்மா சூடாகக் கோப்பி கொடுத்தார்.

தொப்பியும் ப்ரூச்சும் பெட்டிக்குள் போயின, சுவரில் ஆணிகள் மட்டும் நின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுபோனது. வீட்டுக்கு வீடு ஊபி என்கிற மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்ற காலம். வரலாறு கேட்க யாருக்கு மனம் இருக்கும்? ஆனாலும் பாலசுந்தரம் ஐயாவுக்கு அந்த வெறும் சுவர் தாங்கவில்லை. ஆற்றில் போட்ட சாமானைவிட, பயந்து போட்டோமே என்பதுதான் அவரை அதிகம் குத்தியது.

நாற்பத்து இரண்டின் நடுவில் அவர் வேலையாகக் கிள்ளானுக்குப் போனார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய கிடங்கு ஒன்றில் யூனுஸ் அண்ணன் லேலோங் போட்டுக்கொண்டிருந்தார்.

யூனுஸ் அண்ணன் கீழக்கரைப் பக்கத்துக்காரர். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் அவருக்கு ஒரு சின்னக் கடை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மாறி மாறி லேலோங். கையில் ஒரு பித்தளை மணி. அவர் குரலுக்கு அந்த மணியே தேவையில்லை என்பார்கள். தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார். பொய் மட்டும் சொல்ல மாட்டார். கிழிசல் இருந்தால் விரலை விட்டுக் காட்டித்தான் விற்பார்.

அன்று அவர் மேசையில் ஒரு கோட்டு கிடந்தது. கருஞ்சிவப்புக் கம்பளி, தோளில் பொன்நிறக் கயிறு, முன்னால் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்.

"வாங்க பாஸ், வாங்க! பேண்டு மேஜர் கோட்டு! பேண்டுக்கு முன்னால கோலைச் சுத்திக்கிட்டு நடப்பாரே, அவரு போட்ட கோட்டு! ஒரு தரம்!"

கிள்ளானில் இருந்த ஒரு சீனச் சாவு பேண்டுடையது அது. சீனர் வீட்டுச் சவ ஊர்வலங்களுக்கு முன்னால் சீருடை போட்டு வாசித்துப் போகும் கூட்டம். யுத்தத்தில் கூட்டம் கலைந்து, கோட்டுகள் விலைக்கு வந்துவிட்டன. கிடங்கில் நாலைந்து பேர்தான் நின்றார்கள்; பிரிக்பீல்ட்ஸ் ஆள் ஒருவரும் இல்லை. பாலசுந்தரம் ஐயா கோட்டைத் தூக்கிப் பார்த்தார். பொத்தான் ஒவ்வொன்றிலும் ஒரு யாழ் பொறித்திருந்தது. காலரின் உள்பக்கம் கறுப்பு மையில் சீன எழுத்துகள்.

அவர் விரலை உயர்த்தினார். வேறு யாரும் உயர்த்தவில்லை.

கோட்டைக் கட்டிக் கொடுக்கும்போது யூனுஸ் அண்ணன் கேட்டார்: "வீட்டுலயா சார் வைக்கப் போறீங்க? சாவுக்குப் போற கோட்டு சார் இது. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பூரணம் அம்மா ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்த நேரத்தில், அவருடைய தையல் பெட்டியிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, பழைய திரைச்சீலைத் துண்டு ஒன்றைக் காலரின் உள்ளே வைத்து, சீன எழுத்துகளை மூடித் தைத்தார். வாழ்நாளில் ஒரு பொத்தான்கூடத் தைத்து அறியாதவர். தையல் கோணல்மாணலாக வந்தது. பிறகு கோட்டை ஆணியில் மாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய பழக்கத்தில் எட்டிப் பார்த்த கன்னையா அண்ணன் உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"சார்! என்னா சார் இது?"

"மேஜர் கோட்டு."

அவ்வளவுதான் சொன்னார். யூனுஸ் அண்ணன் கூவிய சொல்லில் பாதி. மற்றப் பாதியை விழுங்கிவிட்டார். முதலில் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதாக இல்லை என்று பின்னால் சொன்னார். ஆனால் கன்னையா அண்ணன் விடவில்லை.

"வெள்ளக்காரன் மேஜரா? அய்யோ சார், இத வெச்சிருந்தா தலைய வெட்டிருவானுங்க. எல்லாரும் கொண்டு போய்க் குடுத்துட்டாங்க."

"எல்லாரும் பயந்து குடுத்திட்டினம். நான் குடுக்கேல்லை."

கன்னையா அண்ணன் அன்றைக்கே தெரு முழுவதும் சொல்லிவிட்டார். மறுநாள் செந்தூல் பட்டறையிலும் சொன்னார். கந்தையா ஐயா கைத்தடியோடு வந்து, பொத்தானில் இருந்த யாழைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இது யாழல்லோ, பாலா? வெள்ளைக்காரன்ர கோட்டிலை ஏன் யாழ்?"

பாலசுந்தரம் ஐயா ஒரு நொடி யோசித்திருக்கிறார். "யாழ்ப்பாணக் கோட்டையிலை இருந்த படையணி. அதுதான் சின்னமா யாழை வைச்சிருக்கினம்."

கந்தையா ஐயா அந்தப் பொத்தானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்காரர் வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஊரை விட்டு வந்து இருபது முப்பது வருடமானவர்கள். கடிதப் போக்குவரத்தும் நின்றுபோன காலம். ஒரு துண்டு பித்தளையில் ஊரைப் பார்த்தார்கள். கன்னையா அண்ணன் அவரை "மேஜர் சார்" என்றே கூப்பிட ஆரம்பித்தார். கேலி பாதி, மரியாதை பாதி. தெருவில் ஜப்பான்காரனைக் கண்டு குனிந்து கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், "நம்ம குவார்ட்டர்ஸில ஒரு ஆளாவது பயப்படாம இருக்காரு" என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தத் தைரியம் எதன்மேல் நின்றது என்று அவருக்கு மட்டும் தெரியும். அது ராணுவக் கோட்டே இல்லை. பிடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் மாட்டியிருந்தார். உண்மையான கத்தி ஆற்றில் கிடந்தது.

பேச்சு செந்தூல் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், நாற்பத்து மூன்றில் ஒருநாள் காலை திரும்பி வந்தது. ஜப்பான் ராணுவப் போலீஸ் அதிகாரி ஒருவர், மலாய் பேசும் சீன மொழிபெயர்ப்பாளர், கூட இரண்டு போலீஸ்காரர்கள். நேராகக் கடைசி வீட்டுக்குப் போனார்கள். கோட்டை ஆணியிலிருந்து இழுத்து எடுத்தார்கள். பாலசுந்தரம் ஐயாவை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குவார்ட்டர்ஸ் முழுவதும் கதவிடுக்கில் நின்று பார்த்தது.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. மூக்குக்கண்ணாடி தெறித்துப் போய்க் கால்வாயில் விழுந்தது.

"எங்கே கிடைத்தது?" என்று மொழிபெயர்ப்பாளர் மலாயில் கேட்டார்.

ஒரே ஒரு சொல் போதும். பேண்டு. காலரைக் காட்டியிருந்தால் அதுகூட வேண்டாம். அதிகாரியே படித்துப் பார்த்திருப்பார். பாலசுந்தரம் ஐயா தலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கதவில் கன்னையா அண்ணன். இன்னொரு கதவில் கந்தையா ஐயா, கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு, பாலாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தோடு.

"யூனுஸ்" என்றார். "லேலோங் கடை யூனுஸிட்டை வாங்கினது."

அது பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு மோசமானது. ரயில்வேக் கிளார்க் வேலைக்கு வேண்டியவர் என்று அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். மதியத்துக்குள் யூனுஸ் அண்ணனைக் கடையிலிருந்து கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது.

அன்று தெருவார் பாலசுந்தரம் ஐயாவைப் பார்க்க வந்தார்கள். வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "அடிச்சும் கலங்காம நின்னீங்களே சார்" என்றார் கன்னையா அண்ணன். அவர் அதை மறுக்கவில்லை. யூனுஸ் செய்யாத குற்றம், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று பகல் போனது. இரவும் போனது. அவர் எழுந்து போகவில்லை.

பின்னாட்களில் அதைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அடிக்குப் பயமில்லை எண்டு சொல்ல மாட்டன். பயம்தான். ஆனால் அடிக்குப் பயந்து இருந்தனெண்டால் மனிசன் மன்னிப்பான். நான் சிரிப்புக்குப் பயந்து இருந்தனான்."

மறுநாள் மரியம் அக்கா வந்தார். யூனுஸ் அண்ணனின் மனைவி. தலையில் போட்ட முக்காடு நழுவுவதுகூடத் தெரியாமல் வாசலில் நின்றார். பூரணம் அம்மா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"சார், ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிர்றேன். நேத்துலேருந்து அந்த ஜப்பான் போலீஸ் கேட்டுக்கு வெளியதான் நிக்கிறேன். உள்ள அவுக குரல் கேக்குது. அவுக குரல்தான் ஊருக்கே கேக்குமே. 'மேஜர், மேஜர்'ங்கிறாக. ஒடனே அடிக்கிற சத்தம். மறுபடியும் 'மேஜர்'ங்கிறாக. மறுபடியும் அடி. எதுக்கு சார் அந்த வார்த்தையையே சொல்றாக? சொல்லாம இருந்தா அடிக்க மாட்டாங்கல்ல? நீங்க படிச்சவங்க. என்னா மேஜர் அது?"

பாலசுந்தரம் ஐயாவுக்குப் புரிந்துவிட்டது. யூனுஸ் அண்ணன் உள்ளே "பேண்டு மேஜர்" என்றுதான் கத்திக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பவர் காதில் மேஜர் மட்டும் ஏறியது. எந்த மேஜர், எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அடுத்த கேள்வி. அவர் திரும்பவும் அதையே சொல்கிறார். திரும்பவும் அடி. ஊர் முழுவதும் அது வெள்ளைக்கார மேஜரின் கோட்டு என்று சொன்ன பிறகு, முன்னால் இருக்கிற அந்தச் சின்னச் சொல்லை யார் காதில் வாங்குவார்கள்?

"நீங்கள் போங்கோ, பிள்ளை. நான் பாக்கிறன்" என்றார்.

மரியம் அக்கா போனார். இவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பூரணம் அம்மா உள்ளே போய்த் தையல் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"என்ன இது?"

"நீலநூல் பாதிக்கு மேலை குறைஞ்சு கிடக்கு. எங்கடை உடுப்பு ஒண்டும் நான் நீலத்திலை தைக்கேல்லை."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உனக்கு எப்ப தெரியும்?"

"மாட்டின அண்டைக்கே. வெயிலிலை காயப்போட எடுத்தனான். தையலைப் பாத்தன். இந்த வீட்டிலை அப்பிடித் தைக்கிறதுக்கு வேறை ஆர் இருக்கினம்? பிரிச்சும் பாத்தன். திருப்பித் தைச்சது நான். உங்கடை தையல் போலவே கோணலாத் தைக்கிறதுக்குத்தான் கஷ்டப்பட்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"ஆத்திலை போட்டிட்டு வந்த அண்டைக்கு உங்கடை முகத்தைப் பாத்தன். அதுதான் சொல்லேல்லை. அதுவும் பிழைதான்." பூரணம் அம்மா தையல் பெட்டியை அவர் மடியிலிருந்து எடுத்தார். "இப்ப எழும்புங்கோ. நீங்கள் போகாட்டில் நான் போறன். என்ர நூல்தானே."

அவர் எழுந்தார். சப்பாத்தைத் துடைக்காமல் போட்டுக்கொண்டு போனது அதுதான் முதல்முறை.

ராணுவப் போலீஸ் கட்டடத்துக்குள்ளே என்ன நடந்தது என்பதை அவர் அதிகம் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் மலாயில் சொன்னார்: காலரைப் பிரித்துப் பாருங்கள். அவர்கள் முதலில் கேட்கவில்லை. முழங்காலில் நிறுத்தினார்கள். அவர் அதையே சொன்னார். கடைசியில் அதிகாரி சலிப்போடு ஒரு பேனாக்கத்தியை எடுத்து நீலநூலை அறுத்தார். திரைச்சீலைத் துண்டு கீழே விழுந்தது. ஜப்பான்காரர்களும் சீன எழுத்துகளைப் படிப்பார்கள்தானே. அதிகாரி தானே படித்தார். கோட்டைத் தூரமாகப் பிடித்து இன்னொருமுறை படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

மொழிபெயர்ப்பாளர் எட்டிப் பார்த்தார். "ஓராங் மாத்தி" என்று அவரும் சிரித்தார். செத்தவர்கள். செத்தவர்களுக்கு வாசிக்கிற கூட்டம். அடுத்த அறையிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். எந்தச் சிரிப்புக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்தாரோ அந்தச் சிரிப்பு, தெரியாத முகங்களிலிருந்து, நாலு பக்கமும் வந்தது.

கோட்டைப் போடச் சொன்னார்கள். எல்லாப் பொத்தானையும் பூட்டச் சொன்னார்கள். கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்து, பேண்டு மேஜர் கோலைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் மேலும் கீழும் நடக்கச் சொன்னார்கள். அவர் நடந்தார். திரும்பும்போது, அறைக் கதவில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க யூனுஸ் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வாய் கிழிந்திருந்தது. முன்பற்கள் இல்லை. அவர் சிரிக்கவில்லை. விளக்குமாற்றையும் கோட்டையும் அதைப் போட்டிருந்தவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருவரையும் வெளியே தள்ளினார்கள். ஒரு கட்டளையும் சேர்ந்து வந்தது: வீடு போகும்வரை கோட்டைக் கழற்றக் கூடாது.

வெளியே மரியம் அக்கா ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தி வைத்திருந்தார். யூனுஸ் அண்ணனை ஏற்றி, அக்கா அவரைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாலசுந்தரம் ஐயா பக்கத்தில் நடந்தார். சுள்ளென்ற வெயிலில் அந்தக் கம்பளிக் கோட்டோடு. சாலையில் போன ஒரு சீனக் கிழவி ரிக்‌ஷாவையும் கோட்டையும் பார்த்துவிட்டு, சவ ஊர்வலம் என்று நினைத்து ஒதுங்கி நின்று தலையைக் குனிந்தாள்.

சற்றுத் தூரம் போனதும் யூனுஸ் அண்ணன் பேசினார். உதடு வீங்கி, சொல் காற்றாக வந்தது.

"சார்... அன்னிக்குக் கிள்ளான்ல... நான் பேண்டு மேஜர்னுதானே கூப்பிட்டேன்?"

"ஓம். அப்பிடித்தான் கூப்பிட்டனீங்கள்."

"ஒங்களுக்குக் கேட்டிச்சா?"

பாலசுந்தரம் ஐயா சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"கேட்டது" என்றார்.

யூனுஸ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மரியம் அக்காதான் முதல்முறையாகத் திரும்பிப் பாலசுந்தரம் ஐயாவைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று ஐயா பிறகு சொன்னார்.

யூனுஸ் அண்ணனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அந்தக் கோட்டோடேயே அவர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றிருந்த கன்னையா அண்ணன், "மேஜர் சார் வந்துட்டாரு! கோட்டையும் மீட்டுட்டு வந்துட்டாருலா!" என்று கத்தினார். பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பாலசுந்தரம் ஐயா தெருவின் நடுவில் நின்றார். காலரைத் திருப்பி, எழுத்துகளை எல்லாருக்கும் காட்டினார்.

"இது மேஜர் கோட்டில்லை. சீனச் செத்தவீட்டு பேண்டுக்காரன்ர கோட்டு. எனக்கு முதலே தெரியும்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் கன்னையா அண்ணன் சிரித்துவிட்டார். தெருவே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அடக்க முடியாமல் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகுதான், யூனுஸ் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். ஐயா சொன்னார். அதற்குப் பிறகு யார் முகத்தையும் யாரும் பார்க்க முடியவில்லை. பட்டறையில் கதையைப் பரப்பியது தான்தானே என்று நினைத்தோ என்னவோ, கன்னையா அண்ணன் சட்டென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கந்தையா ஐயா மட்டும் கிட்ட வந்தார். "அப்ப அந்த யாழ், பாலா?"

"எல்லா பேண்டுக்காரருக்கும் அதுதான் அடையாளம், ஐயா. பாட்டுக்காரர் எண்டதுக்கு."

கந்தையா ஐயா கொஞ்ச நேரம் பொத்தானையே பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை.

யூனுஸ் அண்ணன் குணமாக வெகுகாலம் ஆனது. லேலோங் நின்றுபோனது. அந்தக் குரல் திரும்பி வரவே இல்லை. பேசும்போது பல்லில்லாத இடத்தில் காற்று சீறும். பூரணம் அம்மா வாரந்தோறும் கிழங்கோ கீரையோ எடுத்துக்கொண்டு போவார். மரியம் அக்கா வாங்கிக்கொள்வார். பாலசுந்தரம் ஐயாவும் கூடப் போவார், வாசலோடு நின்றுவிடுவார்.

ஜப்பான்காரன் சரணடைந்து, சனங்கள் மறுபடியும் வெளியே நடமாட ஆரம்பித்த பிறகு, நாற்பத்தைந்து முடிவதற்குள் யூனுஸ் அண்ணன் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துத் திடலில் முதல் லேலோங் போட்டார். அன்று மேசையில் இருந்த சாமான்களில் பாதி பாலசுந்தரம் ஐயாவுடையவை. இறகுத் தொப்பி, ப்ரூச், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். விற்கிறது முழுவதும் உங்களுக்கு என்று சொன்னதற்கு யூனுஸ் அண்ணன், "எனக்கு வர்ற கமிஷன் வந்தாப் போதும் சார்" என்று சொல்லிவிட்டார்.

சாமான்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் கோட்டு வந்தது. திடலில் ஒரு சலசலப்பு. யூனுஸ் அண்ணன் கோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். மணியைத் தூக்கினார். வாயைத் திறந்தார். பிறகு மணியை இறக்கி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பாலசுந்தரம் ஐயாவிடம் நீட்டினார்.

"இத நீங்களே கூப்பிடுங்க சார். எனக்கு அந்த வார்த்தை வாயில வரமாட்டேங்குது."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வரவில்லை. ஐயா முன்னால் வந்து மணியை வாங்கினார். வாழ்நாள் முழுவதும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று விரல் உயர்த்தியவர். மணியை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"பேண்டு மேஜர் கோட்டு" என்றார்.

"பின்னால கேக்கல சார்" என்று ஒரு குரல் வந்தது. கன்னையா அண்ணன். கேலியா என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பாலசுந்தரம் ஐயா மணியை அடித்தார். "பேண்டு மேஜர் கோட்டு! சீனச் செத்தவீட்டு ஊர்வலத்திலை போனது! வெள்ளைக்காரன்ர இல்லை! ஒரு தரம்!"

யாரும் விரல் உயர்த்தவில்லை. துணிக்குப் பஞ்சமாகிச் சாக்கை உடுத்தியவர்கள்கூட அந்தத் திடலில் இருந்தார்கள். என்றாலும் சாவுக் கோட்டை யார் வீட்டுக்குக் கொண்டு போவார்கள்?

"இரண்டு தரம். மூண்டு தரம்."

யூனுஸ் அண்ணன் மணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோட்டை மடித்து, பொத்தான்கள் உள்ளே போகும்படி ஒழுங்காக மடித்து, அவர் கையில் கொடுத்தார்.

"விக்கலன்னா சொந்தக்காரருக்குத்தான் சார் திரும்பப் போகணும். லேலோங் வழக்கம் அதான்."

பாலசுந்தரம் ஐயா அதைக் கைமேல் போட்டுக்கொண்டு திடலைக் கடந்து வீட்டுக்கு நடந்தார். பூரணம் அம்மா கூட நடந்தார்.

இப்போது அந்தச் சுவரில் அது ஒன்றுதான் தொங்குகிறது. உள்பக்கம் வெளியே திருப்பி, காலர் எழுத்துகள் தெரியும்படி பூரணம் அம்மாதான் மாட்டியிருக்கிறார். தைத்த இடத்தில் ஊசித் துளைகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அது என்ன கோட்டு என்று கேட்பார்கள். ஐயா முழுப் பெயரையும் சொல்வார், எதையும் விடாமல். முதல் சொல்லுக்கு வரும்போது மட்டும் அவர் குரல் இன்னமும் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.